ராடு மேலே வராத நாள்: சிக்கல் உடம்பிலா, மனசிலா?

எடைப் பயிற்சியில் முதல் இரண்டு மாதம் யாரையும் ஏமாற்றும். எடைத் தட்டு (பிளேட்) மாட்டாத வெறும் இரும்பு ராடில் தொடங்கி வாரம் மூன்று நாள் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்தால் ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏறிக்கொண்டே போகும். இது பெரும்பாலும் தசை பெருத்து வந்த பலம் அல்ல. ஏற்கெனவே இருக்கும் தசையில் கூடுதல் பங்கை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சலுகை தீர்ந்ததும், மூன்றாவது நான்காவது மாதத்தில் ஒரு நாள், 70 கிலோ தோளில் இருக்கும்போது நான்காவது ரெப் (ஒருமுறை இறங்கி ஏறுவது) பாதி வழியில் நின்றுவிடும்.

அன்றைக்குப் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த முறையும் அதே எடையில் போய் முட்டுகிறார்கள். இல்லையென்றால் யூடியூபில் புது அட்டவணை தேடுகிறார்கள். அதற்கு முன்னால், தடுத்தது எது என்று பார்க்க வேண்டும். உடம்பு தடுத்தால் வைத்தியம் வேறு, மனசு தடுத்தால் வேறு. மாற்றிக் கொடுத்தால் இரண்டும் கெடும். கீழே வருவது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் ராடைத் தூக்கி நிமிர்வது) மூன்றையும் ஓரளவு சரியாகச் செய்யத் தெரிந்து, எடை நின்றுபோனவர்களுக்கு.

தோற்ற ரெப்பைப் பாருங்கள்

செல்போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால் தள்ளி வைத்துக் கடைசி செட்டை (இடையில் ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் சில ரெப்கள்) படம் எடுங்கள். பார்க்க வேண்டியது வேகத்தை.

உடம்பு தோற்கும்போது ராடு படிப்படியாக மெதுவாகும். முதல் ரெப் சட்டென்று ஏறும், மூன்றாவது கொஞ்சம் இழுக்கும், நான்காவது தொடை தரைக்கு இணையான இடத்துக்குச் சற்று மேலே வந்து இரண்டு மூன்று விநாடி போராடி நிற்கும். பயத்தில் தோற்கும் ரெப் அப்படி மெதுவாவதே இல்லை. திடீரென்று நிற்கும், அல்லது பாதி ஆழம்கூடப் போகாமல் திரும்பிவிடும். ராடைத் தூக்கி ஸ்டாண்டிலிருந்து நகர்வதற்குள் நான்கைந்து தடவை காலை மாற்றி வைப்பது, இறங்கும்போது வழக்கத்தைவிட வேகமாக விழுவது, செட் முடிந்த பிறகு மூச்சு வாங்காமல் சாதாரணமாகப் பேச முடிவது: இவையெல்லாம் மனசின் அடையாளங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. தோற்ற செட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, எடையில் 15 சதவீதம் குறைத்து ஒரே ஒரு ரெப் செய்யுங்கள். அது விருட்டென்று ஏறினால் உடம்பில் இன்னும் சரக்கு இருக்கிறது. அதுவும் இழுத்துக்கொண்டு வந்தால் களைப்பு, தூக்கம், சாப்பாடு என்ற பக்கம் போங்கள்.

விழக் கற்றுக்கொண்டால் பாதி பயம் போய்விடும்

தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குகிறவர் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் மண்ணில் போடுகிறார். போடுவதும் அந்த வித்தையில் ஒரு பகுதி. ஜிம்மில் மட்டும் தூக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், போடச் சொல்லித்தர மாட்டார்கள். ராடுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாத உடம்பு, கனமான எடையில் தானாகவே கையைக் கட்டிவிடும். அது கோழைத்தனம் இல்லை, நியாயமான எச்சரிக்கை. அந்த நியாயத்தை நீக்குவதுதான் வழி.

ரேக்கில் (பக்கவாட்டில் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள இரும்புச் சட்டம்) ஸ்குவாட் செய்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கி இதைப் பழகுங்கள்:

1. வெறும் ராடுடன் முழு ஆழத்துக்கு இறங்கி அங்கேயே நில்லுங்கள். ராடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.
2. பக்கவாட்டுப் பாதுகாப்புக் கம்பிகளை அதைவிட 3 முதல் 5 செ.மீ. கீழே வையுங்கள். மேலே வைத்தால் ஒவ்வொரு ரெப்பிலும் இடிக்கும். ரொம்பக் கீழே வைத்தால், தோற்கும்போது முதுகு வளைந்த பிறகுதான் கம்பி தாங்கும்.
3. வெறும் ராடுடன் இறங்கி, மேலே வராமல், நெஞ்சை நிமிர்த்தியபடியே இன்னும் கொஞ்சம் கீழே போய் ராடைக் கம்பியில் உட்காரவிட்டு, முன்பக்கம் நழுவி வெளியே வாருங்கள். விரல்கள் ராடுக்கும் கம்பிக்கும் நடுவே சிக்காத இடத்தில் இருக்கட்டும்.
4. 40 கிலோவில் மூன்று தடவை, வழக்கமான எடையில் பாதிக்குமேல் ஒரு தடவை இதையே செய்யுங்கள்.

சத்தம் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

தெருமுனை ஜிம்கள் பலவற்றில் இரண்டு கால் ஸ்டாண்டு மட்டும்தான் இருக்கும், பாதுகாப்புக் கம்பி இருக்காது. அங்கே தனியாக எல்லை வரை போகாதீர்கள். இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்ற இடத்தில் செட்டை நிறுத்துங்கள். எல்லை வரை போயே ஆகவேண்டுமென்றால் இரு பக்கமும் ஒவ்வொருவர் சப்போர்ட்டுக்கு நிற்க வேண்டும். சப்போர்ட் கேட்கும்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, அஞ்சு ரெப் போடுறேன். நான் ‘எடு’ன்னு சொல்ற வரைக்கும் ராடைத் தொடாதீங்க. சொன்னா விடாம ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு வந்துடுங்க.” இதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது ரெப்பிலேயே விரலைக் கொடுத்து “அவ்ளோதான், நீயேதான் தூக்குற” என்பார்கள். உங்கள் உண்மையான பலம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

பெஞ்ச் பிரஸ்தான் மூன்றில் ஆபத்தானது, ஏனென்றால் ராடு விழுகிற இடம் நெஞ்சும் கழுத்தும். தனியாகச் செய்யும்போது பிளேட்டுக்கு லாக் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை வழுக்கி விடலாம். அந்தப் பக்கம் காலியானதும் மறுபக்கம் வேகமாகச் சாயும், அருகில் ஆள் நிற்கக் கூடாது. கட்டைவிரலை ராடைச் சுற்றி வளைத்துப் பிடியுங்கள். மற்ற நான்கு விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைத்துப் பிடிப்பது மணிக்கட்டுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ராடு உருண்டால் தடுக்க ஒன்றும் இருக்காது.

டெட்லிஃப்டில் தோற்பது எளிது, வைத்துவிட வேண்டியதுதான். கடைசி ரெப்பை வைத்ததும் மூச்சை அடக்கியபடியே சடக்கென்று நிமிராதீர்கள். கண் இருட்டிக்கொண்டு வரும்.

ராடுக்குக் கீழே முதல் பத்து விநாடி

விழத் தெரிந்த பிறகும் மிஞ்சுகிற பதற்றத்துக்கு மருந்து, மாறாத வரிசை. வெறும் ராடாக இருந்தாலும் உச்ச எடையாக இருந்தாலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். முதலில் இரண்டு கையும் ஒரே அளவில் பிடி (ராடில் இருக்கும் வழவழப்பான வளையத்தை அடையாளமாகக் கொள்ளுங்கள்). பிறகு முதுகின் மேல்பகுதியில் ராடைப் பதித்து, இரண்டு காலும் அதற்கு நேர்கீழே. மூச்சு. நிமிர்ந்து தூக்கி ஒரு விநாடி அசையாமல் நில்லுங்கள். பிறகு பின்னால் இரண்டு அடி, மூன்றாவது அடியில் கால் அகலம் சரி. அதற்குமேல் பாதம் நகரக் கூடாது. கண் ஒரே புள்ளியில். கண்ணாடியைப் பார்த்து ஸ்குவாட் செய்யும் பழக்கம் இருந்தால் விடுங்கள். தன் முகம் கோணுவதைப் பார்த்துக்கொண்டே யாரும் நன்றாகத் தூக்கியதில்லை.

மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ குத்த வருவதுபோல் வயிற்றை இறுக்கி, அடக்கியபடியே இறங்கி ஏறி, கடினமான இடம் தாண்டிய பிறகு விடுங்கள். இந்த அழுத்தம்தான் முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் அதே நேரத்தில் ரத்த அழுத்தமும் சில விநாடிகள் வெகுவாக ஏறும். பிபி, இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டபிறகே இதைச் செய்ய வேண்டும்.

மனசுக்குள் ஒரே ஒரு கட்டளை போதும். “நெஞ்சை நிமிர்த்து” என்றால் அது மட்டும். முட்டி, குதிகால், முதுகு, பார்வை என்று நாலையும் நினைத்தால் நாலும் கோட்டை விடும். ஐந்து ரெப்பையும் மொத்தமாக எண்ணி மலைக்காதீர்கள். மேலே வந்து நின்று, மூச்சை மாற்றி, அடுத்த ஒன்று. கத்துவது, கன்னத்தில் அறைந்துகொள்வது, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிடுவது எல்லாம் வருடத்துக்கு மூன்று நாலு தடவை உச்ச எடையைச் சோதிக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் செய்தால் அது இல்லாமல் தூக்க வராது.

“முட்டி போயிடும்” என்று பயமுறுத்த எல்லா ஜிம்மிலும் ஒருவர் இருப்பார். ஆரோக்கியமான முட்டிக்கு ஆழமான ஸ்குவாட் கெடுதல் இல்லை, முட்டி கால்விரலைத் தாண்டுவதும் குற்றமில்லை. குதிகால் தரையைவிட்டு எழும்புகிறதா, முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று பாருங்கள். குதிகால் எழும்பினால் முதலில் ஓட்டத்துக்கான பஞ்சுக் காலணியைக் கழற்றுங்கள். தட்டையான கான்வாஸ் ஷூ போதும்.

ஏற்றும் கணக்கில் நடக்கும் தப்பு

மனசைக் குறை சொல்வதற்கு முன் ராடை எடை போடுங்கள். தரமான ஆண்கள் ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15. நம் ஜிம்களில் 8 கிலோவிலிருந்து 20 வரை எல்லாம் கலந்து கிடக்கும். எடை பார்க்கும் மெஷினில் ராடைப் பிடித்து ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். பிளேட்டில் எழுதியிருப்பதும் எப்போதும் உண்மை இல்லை, அதனால் முடிந்தவரை அதே ராடு, அதே பிளேட். ஸ்மித் மெஷினில் ராடு தண்டவாளத்தில் ஓடுகிறது. அங்கே போட்ட எடையை இங்கே ஒப்பிடக் கூடாது.

பெரும்பாலான ஜிம்களில் இருக்கும் சின்ன பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்து 2.5. 70 கிலோ ஸ்குவாட்டுக்கு அது சுமார் 3.6 சதவீதம்தான். 30 கிலோ ஷோல்டர் பிரஸ்ஸுக்கு 8 சதவீதத்துக்கு மேல்! தோள் பயிற்சியில் எடை சீக்கிரம் நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் இது. அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம், அல்லது காலில் கட்டும் அரைக் கிலோ எடைப் பட்டையை ராடின் இரு முனையிலும் இறுக்கிக் கட்டலாம். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்யும்.

செட்டுக்கு நடுவே ஓய்வு 3 முதல் 5 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஒன்றரை நிமிடத்தில் அடுத்த செட்டுக்குப் போய்த் தோற்றால் அது பலவீனம் இல்லை, அவசரம். வார்ம்-அப்பும் அளவாக இருக்க வேண்டும். 70 கிலோ நாளுக்கு: வெறும் ராடு 5 ரெப் இரண்டு தடவை, 40 கிலோ 5, 50 கிலோ 3, 60 கிலோ 2, பிறகு 70. வார்ம்-அப்பிலேயே பத்துப் பத்து ரெப் போட்டுக் களைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

கணக்கெல்லாம் சரி, அப்படியும் அதே எடையில் மூன்று பயிற்சி நாள் தொடர்ந்து தோற்றால் சுமார் 10 சதவீதம் இறக்குங்கள். 70 என்றால் 62.5. அங்கிருந்து 65, 67.5, 70, 72.5 என்று ஐந்தாவது நாளில் புது எடைக்கு வந்துவிடலாம். இறக்குவதை அவமானமாக நினைத்து அதே இடத்தில் ஆறு வாரம் முட்டுகிறவரைவிட இது வேகம். பலம் நேர்கோட்டில் ஏறுவது தொடக்கத்தில் மட்டும்தான். வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் அவர் தூக்கியது 317. அதுவும் தங்கம்தான். எடையை இறக்கி ஏறிய பிறகு இரண்டாவது முறையும் நீங்கள் அதே இடத்தில் நின்றால், பயிற்சிக்கு ஒருமுறை ஏற்றுவதை விட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் முறைக்கு மாறும் காலம் வந்துவிட்டது.

எந்த வலியோடு தொடரலாம்

பயிற்சிக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை கடுப்பது சாதாரணம். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். எடையைக் கீழே இறக்கும் அசைவுதான் இதை அதிகம் தருகிறது. கடுப்பு இருந்தால்தான் பலன் என்று நினைக்க வேண்டாம். அதே பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் கடுப்பு குறையும், பலம் ஏறும்.

மூட்டில், குறிப்பிட்ட ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி வேறு ஜாதி. பத்துக்கு மூன்று அளவில் இருந்து, வார்ம்-அப்பில் குறைந்து, மறுநாளைக்குள் பழையபடி ஆகிவிட்டால் எடையைக் குறைத்துத் தொடரலாம். செட்டுக்கு செட் ஏறும் வலி, ‘டப்’ என்ற சத்தத்தோடு வந்த வலி, வீக்கம், முதுகிலிருந்து முட்டிக்குக் கீழே வரை இழுக்கும் வலி, மரத்துப்போவது: அன்றைய பயிற்சி முடிந்தது, மருத்துவரைப் பாருங்கள். இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போய் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அது அவசரம், அன்றைக்கே மருத்துவமனை. நெஞ்சுவலிக்கும் இதேதான்.

இன்னொன்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே வெறிகொண்டு செய்பவர்களுக்கு வருவது. தசை தாங்கமுடியாமல் வீங்கி, சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போகும். தசை உடைந்து அதன் புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது என்று அர்த்தம். இளநீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு வேறு தொல்லை. வியர்வையில் ராடு முதுகில் வழுக்கும். பளபளக்கும் பாலியஸ்டர் பனியனுக்குப் பதிலாகப் பருத்தி டி-ஷர்ட் போடுங்கள். கையில் காய்ப்பு மேடாக வளர்ந்தால்தான் கிழியும். குளிக்கும்போது குதிகாலுக்கு உரசும் கல்லால் வாரம் ஒருமுறை உரசித் தட்டையாக்கிவிட்டால் போதும்.

தட்டும் தலையணையும்

பலம் கூட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் அளவில் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் சோறு சாம்பார் பொரியல் தயிர், இரவு மூன்று தோசை என்பதைக் கூட்டிப்பார்த்தால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். குறைகிற பாதியைத்தான் கவனிக்க வேண்டும். அசைவம் என்றால் மூன்று முட்டையும் 150 கிராம் எலும்பில்லாத கோழியும் சுமார் 50 கிராம் தரும். சைவம் என்றால் 50 கிராம் மீல்மேக்கர், அரை லிட்டர் பால், ஒரு கைப்பிடிக்குமேல் பொட்டுக்கடலை கிட்டத்தட்ட அதே அளவு. இதற்கு மேல் பவுடர் வாங்குவது வசதிக்குத்தான், அவசியத்துக்கு இல்லை. கிரியேட்டின் என்ற துணைப்பொருள் மட்டும் நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலன் உண்டு. தசையில் நீர் சேர்வதால் முதல் சில வாரத்தில் எடை ஒரு கிலோ கூடலாம், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பத்தி முழுவதையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் பின்பற்ற வேண்டும்.

வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு ஜிம்முக்கு வருகிறவர்கள் பிரீ-வொர்க்அவுட் பவுடர் கலக்கிக் குடிப்பது தங்கள் குழியைத் தாங்களே வெட்டுவது. அதில் பெரும்பாலும் 200 மி.கி. அளவுக்கு கஃபீன் இருக்கும். ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் ஓடும். இரவு ஒரு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால், மறுநாள் ராடு கனப்பதற்கு மனவலிமையைக் குறை சொல்லிப் பயனில்லை.

போகவே பிடிக்காத நாட்கள்

ஒரு நாள் சோம்பல் என்பது ஒன்றுமில்லை. உடை மாற்றி வந்து வார்ம்-அப்பை மட்டும் முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் உடம்பு இரும்பாகக் கனத்தால் வீட்டுக்குப் போகலாம். பெரும்பாலும் போக மாட்டீர்கள். ஆனால் இரண்டு வாரமாகத் தொடர்ந்து வெறுப்பு, காலையில் எழும்போதே களைப்பு, தூக்கம் கெடுவது, வார்ம்-அப் எடைகூட மெதுவாக ஏறுவது என்று சேர்ந்து வந்தால் அது சோம்பல் இல்லை. ஒரு வாரம் எடையில் 10 சதவீதமும் செட்களில் பாதியும் குறையுங்கள். ஜிம்முக்குப் போவதை நிறுத்த வேண்டாம்; போகிற பழக்கம் அப்படியே இருக்கட்டும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை இதை முன்கூட்டியே அட்டவணையில் வைத்துவிடுகிறவர்களுக்கு வெறுப்பு அதிகம் வருவதில்லை.

நோட்டில் எடை, ரெப் மட்டும் எழுதாமல் முந்தைய இரவு தூங்கிய மணி நேரத்தையும், கடைசி ரெப்புக்குப் பிறகு இன்னும் எத்தனை வந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். “70 கிலோ, 5-5-4, தூக்கம் 5 மணி, மிச்சம் 0” என்று ஒரு வரி. இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் தோற்ற நாட்கள் எந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று தெரியும்.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டுப்போனால் 10 முதல் 15 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள், சீக்கிரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். காய்ச்சல் இருக்கும் நாளில் ராடைத் தொடவே கூடாது. டெங்கு, சிக்குன்குனியா போன்றவை வந்து போனால் காய்ச்சல் விட்ட பிறகும் அசதியும் மூட்டு வலியும் வாரக்கணக்கில் நிற்கும். மருத்துவர் சரி என்ற பிறகு பழைய எடையில் பாதி, இரண்டே செட், வாரம் இரண்டு நாள். மறுநாள் எழுந்திருக்க முடிந்தால் அடுத்த முறை 5 கிலோ கூட்டுங்கள்.